பச்சைக் கம்பளத்தின் மேல்

சாவது ஹெஸ்டர் கிரேனுக்குக் கைவந்த வேலை. விஷம் குடித்துச் செத்திருக்கிறாள், கத்தியைப் பாய்ச்சிக்கொண்டு செத்திருக்கிறாள், கோட்டை மதில்மேலிருந்து குதித்து, அதாவது திரைக்குப் பின்னால் போட்டிருந்த வைக்கோல் மெத்தையில் குதித்து, செத்திருக்கிறாள். அவளைப் போலச் சாக லண்டனில் ஆள் கிடையாது என்று காப்பிக் கடைகளில் பேசிக்கொள்வார்கள், அதைக் கேட்டு அவளுக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துபோகும், ஏன் போகாது. இன்றைக்கு விஷம். ராணி கிண்ணத்தை வாயில் கவிழ்த்தாயிற்று, ஒரு சுற்றுச் சுற்றியாயிற்று, பச்சைக் கம்பளத்தின்மேல் சாய்ந்தாயிற்று. மேடையில் பச்சைக் கம்பளம் விரித்திருந்தாலே ஜனங்களுக்குத் தெரியும், இன்றைக்கு யாரோ சாகப்போகிறார்கள் என்று. பட்டும் சரிகையும் புழுதியில் புரண்டு பாழாகக்கூடாது என்று கொட்டகைக்காரர்கள் செய்யும் ஏற்பாடு அது. வலதுகை இடுப்புக்கு அடியில் மடங்கியிருக்க, இடதுகை மேடை விளிம்பில் எரியும் விளக்குவரிசையை நோக்கி நீண்டு, உள்ளங்கை மேலே பார்த்து, விரல்கள் பாதி சுருண்டு, கண்கள் பாதி மூடி, முகம் ஜனங்கள் பக்கம் திரும்பி. இனி அவளுக்குச் செத்துக் கிடப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ராஜா ஓடி வந்து அழவேண்டும். ராஜா வேஷம் கொட்டகை முதலாளி பென்ரோஸுடையது, அவன் அழ ஆரம்பித்தால் லேசில் விடமாட்டான். அவன் அழுது முடித்து மணி அடித்த பிறகுதான் வேடிக்கை. செத்த ராணியே துள்ளி எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, விளக்குவரிசை வரைக்கும் வந்து, குறும்பாக நாலு வார்த்தை சொல்லி எல்லோரையும் சிரிக்கவைக்கவேண்டும். அதற்குச் சிரிப்பு வசனம் என்று பெயர். சோக நாடகம் எதுவானாலும் அது இல்லாமல் ஜனங்கள் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கமாட்டார்கள். அழுத கண்ணோடு வீட்டுக்குப் போவதற்கா சீட்டு வாங்கினார்கள்?

கிடப்பது முதலில் சுகமாகத்தான் இருந்தது. கம்பளத்தில் பழைய வியர்வையும் சிந்திய பீரும் எலி வாடையும் கலந்து கிடந்தன. காலையிலிருந்து மண்டைக்குள் யாரோ உட்கார்ந்து அம்மி கொத்துகிறமாதிரி ஒரு வலி, படுத்ததும் அது நின்றுபோனது, அப்பாடா என்றிருந்தது. மூச்சை வயிற்றுக்குக் கீழே இறக்கினாள். நெஞ்சு ஏறி இறங்கினால் மேலே கேலரியிலிருந்து எவனாவது ஒரு கசாப்புக்காரன் ‘ஏய், பொணம் மூச்சு விடுது’ என்று கத்துவான், அதோடு தீர்ந்தது. லிங்கன்ஷயர் பக்கம் ஒரு வைக்கோல் கிடங்கில், குதிரைவண்டியில் ஊர் ஊராய்ச் சுற்றும் கூட்டத்தோடு, சின்னப் பெண்ணாக முதல் தடவை செத்தபோது மூக்கில் தூசி ஏறித் தும்மிவிட்டாள். ஊரே கைகொட்டிச் சிரித்தது. அம்மா திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டுபோய்த் தொடையில் கிள்ளிய கிள்ளு இருக்கிறதே, அடேயப்பா, அது நீலமாகி மஞ்சளாகி மறைகிறவரைக்கும் பாவாடையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அவள் தும்மியதில்லை. கொசு கடித்திருக்கிறது, எலி காலைத் தாண்டி ஓடியிருக்கிறது, ஒருதடவை குடிகாரன் ஒருவன் ஆரஞ்சுப்பழத்தை அவள்மேல் எறிந்தான், அசையவில்லையே. இதோ இந்த டார்கஸ் பெண், தோழி வேஷத்தில் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்திருக்கிறதே, இதற்கு ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாது. மூக்கை உறிஞ்சுகிறது, இடுப்பில் கட்டிய முன்துணியைக் கசக்குகிறது. இதைத்தான் பென்ரோஸ் ராணி வேஷத்தைப் பாடம் பண்ணச் சொல்லியிருக்கிறானாம். ‘சும்மா ஒரு பாதுகாப்புக்கு, மிஸஸ் கிரேன். வேஷம் உங்களுதுதான். நீங்க இருக்கிறவரைக்கும் யார் தொட முடியும்?’ என்றான், பல்லைக் காட்டிக்கொண்டு. கொட்டகையில் அது எழுதாத சட்டம். ஒரு வேஷத்தை ஏற்றவள் அவளாக விடுகிறவரைக்கும் அது அவள் சொத்து. இருக்கிறவரைக்கும் என்றானே, அந்த வார்த்தையை அவன் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. இப்படி நினைத்துக்கொண்டே பாதிக் கண்ணால் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே தொங்கும் வளையத்தில் மெழுகுவத்திகள் உருகிக்கொண்டிருந்தன. ஒரு சொட்டு மெழுகு கீழே விழுந்தது, நேராக உள்ளங்கையின் நடுவில். விழுந்து, பரவி, வெள்ளையாக உறைந்தது. சுடவில்லை.

சுடவில்லை என்பது உடனே அவள் மனசில் ஏறவில்லை. என்ன அழகாக விழுந்தது, எவ்வளவு சரியாக நடுவில் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் மெதுவாக, படியேறி வருகிறவர்களைப்போல, அந்த விஷயம் வந்தது. கொதிக்கிற மெழுகு ஆயிற்றே. போன மாசம் இதேமாதிரி ஒரு சொட்டு பென்ரோஸ் கழுத்தில் விழுந்து, துருக்கி சுல்தானாக நின்றவன் ‘ஐயோ சனியனே’ என்று கத்தினானே. அப்படியானால் இது யாருடைய கை? நிஜமாகவே அப்படித்தான் கேட்டுக்கொண்டாள். வேறு எவளோ ஒருத்தி பக்கத்தில் படுத்துக்கொண்டு கையை நீட்டி வைத்திருக்கிறாள் என்றே தோன்றியது. சரிகை வைத்த கையோரம் தன்னுடையது, மோதிரம் தன்னுடையது, கை மட்டும் யாரோ கொண்டுவந்து வைத்தமாதிரி. விரலை மடக்கிப் பார்க்கலாம், கேலரிக்குத் தெரியாமல் லேசாக, சுண்டுவிரலை மட்டும். மடங்கு என்றாள். விரல் கேட்கவில்லை. மடங்குடி என்றாள். இடதுகாலைத் தேடினாள், பாவாடைக்குள் அது எங்கே போய்விட்டது என்று புரியவில்லை. இடுப்பிலிருந்து ஒரு பக்கம் முழுக்க, கம்பளத்தோடு கம்பளமாக, இருட்டாக இருந்தது. அதற்கடியில் பலகை, பலகையில் பிசாசு வேஷக்காரர்கள் ஏறி வருகிற கதவு, கதவுக்குக் கீழே நிலவறை. அங்கே யாரோ அண்ணாந்து படுத்துக்கொண்டு, பலகையின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அது, முதுகோடு முதுகாக, அவளுடைய பாதியைப் பிடித்து வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறமாதிரி. சீ, என்ன நினைப்பு இது.

ஆனால் அந்தக் கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அவள் மகள் பெஸ்ஸியின் கை அது. நார்விச்சில் ஒரு குளிர்காலம், புருஷன் என்று ஒருத்தன் பிடிலைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டிருந்தான், பெண்ணுக்குக் காய்ச்சல், அன்றைக்கு இவளுக்குக் கூத்துக்காரி வேஷம், ஆட்டமும் பாட்டும். முடித்துவிட்டு முகச்சாயத்தோடு மாடிப்படி ஏறி வந்தால் குழந்தை கட்டிலில் ஒருக்களித்துக் கிடக்கிறாள், இடதுகை விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டு, உள்ளங்கை மேலே பார்த்து, விரல்கள் பாதி சுருண்டு, எதையோ வாங்கிக்கொள்வதற்குக் காத்திருக்கிறமாதிரி. ஹெஸ்டர் கதறினாள், வீட்டுக்காரி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள், எல்லாம் உண்மை. ஆனால் கதறுவதற்கு முன்னால் ஒரு கணம், மெழுகுவத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தாளே, மணிக்கட்டு எப்படி மடிந்திருக்கிறது, கட்டைவிரல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தாளே, அதுவும் உண்மை. அடுத்த வாரமே மேடையில் செத்தபோது கை தானாக அப்படிப் போய் விழுந்தது. அவள் நினைத்துச் செய்யவில்லை. கொட்டகை முழுக்க மூச்சு அடங்கிப்போய் ஒரு சத்தம் வந்தது, அந்தச் சத்தத்தை அதுவரை அவள் கேட்டதே இல்லை. லண்டனிலிருந்து வந்திருந்த ஒரு கனவான் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரைக்குப் பின்னால் வந்து ‘எங்கம்மா கத்துக்கிட்டே இதை?’ என்று கேட்டான். அப்புறம் லண்டன், பட்டு, வண்டி, அச்சடித்த படத்தில் அவள் முகம். எல்லாம் அந்தக் கை கொடுத்தது. இத்தனை வருஷமாக இரவுக்கு இரவு அதைக் கம்பளத்தின்மேல் நீட்டினாள், சிரிப்பு வசனத்துக்கு மணி அடித்ததும் மடக்கி எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது. இன்றைக்குப் பெஸ்ஸி, போதும், என் கையைக் கொடு என்று வாங்கிக்கொண்டுவிட்டாளோ. வாங்கிக்கொள்ளட்டும், அவளுடையதுதானே, ஆனால் கண்ணே, மற்றதையெல்லாம் ஏன் இழுக்கிறாய், காலை ஏன் இழுக்கிறாய், அம்மா எழுந்திருக்கவேண்டாமா.

எழுந்திருக்கவேண்டும். யாருக்காவது தெரியவேண்டும், இப்போதே, பாதி உடம்பு போய்விட்டது, மீதியும் போவதற்குள். அவளுக்குச் சாக இஷ்டமில்லை. இத்தனை நாள் செத்தவளுக்கு அது இவ்வளவு அழுத்தமாகத் தெரிந்தது இன்றைக்குத்தான். எனக்குச் சாக இஷ்டமில்லை, நாளைக்குக் காலையில் சூடாகச் சாக்லேட் குடிக்கவேண்டும், ஜன்னலைத் திறக்கவேண்டும், செருப்புக்காரனோடு சண்டை போடவேண்டும். ஆனால் எப்படித் தெரிவிப்பது? முன்வரிசையில் ஒரு கிழவி கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு அவளையே பார்த்து அழுகிறாள். ஏம்மா, பார்க்கிறாயே, நன்றாகப் பார்க்கக்கூடாதா? எத்தனை ஜோடிக் கண்கள், எல்லாம் அவள்மேல்தான், அத்தனை கண்ணுக்கும் நடுவில் ஒருத்தி தனியாகச் சாகலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பாளா? அவள் நன்றாகச் சாகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பென்ரோஸ் அந்தப் பக்கமாக நடந்து வந்தான், அவனுடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது. ‘போனாயோ, என் நாட்டின் விளக்கே! பேசாயோ ஒரு சொல்?’ என்றான். பேசுகிறேன், நில் என்று வாயைத் திறக்கப் பார்த்தாள். நாக்கு ஈரத்துணியாகக் கிடந்தது. அடித்தொண்டையிலிருந்து பிடித்துத் தள்ளினாள், தன்னிடம் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தள்ளினாள். ஒரு முனகல் வந்தது, மாட்டுக்கொட்டிலில் கேட்கிறமாதிரி. கொட்டகை சிலிர்த்துப்போயிற்று. எங்கோ ஒருத்தி ‘ஐயோ பாவம், இன்னும் உசிர் இருக்கு’ என்றாள். அடி என் தங்கமே, ஆமாம், இருக்கிறது! ஆனால் பென்ரோஸ் லேசுப்பட்டவனா? நொடியில் அதைப் பிடித்துக்கொண்டான். முழங்காலில் விழுந்து, ‘ஆ! உயிரே, நீ விடைபெறும் ஓசையோ இது!’ என்று இல்லாத வசனத்தை அங்கேயே கட்டி, கையை வானத்துக்குத் தூக்கினான். கைதட்டல் மழையாகக் கொட்டியது. அவள் காதோரமாகக் குனிந்து, உதடு அசையாமல், ‘பிரமாதம், கிழவி, பிரமாதம்’ என்றான். எழுந்து போய்விட்டான். அவன்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அவள் இடத்தில் அவன் கிடந்திருந்தால் அவளும் இதைத்தான் செய்திருப்பாள்.

பயம் இப்போது கண்ணுக்குள் வந்தது. இடதுபக்கத்து விளக்குகள் ஒவ்வொன்றாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. யாரும் அணைக்கவில்லை, அவை இருந்த இடமே இல்லாமல் போனது. முதல் தடவை லண்டனுக்கு வந்து, பெண்ணாகப் பதினாறு வயசில் ஒரு சின்ன வேஷம் கட்டி, வசனத்தை மறந்து நின்றபோது இப்படித்தான் கொட்டகை ஓரங்களிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. அப்போது சீழ்க்கை அடித்துத் துரத்தினார்கள். துரத்தினாலாவது ஓடலாம். அந்த நேரத்தில்தான் டார்கஸ் அவளைப் பார்த்தது தெரிந்தது. தோழி ராணியின் கையை எடுத்து முத்தமிடவேண்டிய இடம் அது. இடதுகையை எடுத்தவள், மெழுகு உறைந்திருப்பதைப் பார்த்தாள். பெயர்த்தாள். அடியில் தோல் சிவந்து கொப்பளித்திருந்தது. டார்கஸ் அந்தக் கொப்பளத்தைப் பார்த்தாள், அசையாமல் கிடந்த விரல்களைப் பார்த்தாள், பிறகு ஹெஸ்டரின் கண்ணைப் பார்த்தாள். இவளுக்குத் தெரிந்துவிட்டது. இனி இவள் கையில் இருக்கிறது எல்லாம். இவள் பேசாமல் இருந்தால் போதும், தலையைக் குனிந்துகொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தால் போதும், பென்ரோஸ் அழுது முடிப்பதற்குள் ராணி வேஷம் தானாக அவள் மடியில் வந்து விழும். நானாக இருந்தால் என்ன செய்வேன்? இந்தக் கேள்வியை ஹெஸ்டர் கேட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். டார்கஸ் எழுந்தாள். பென்ரோஸ் வசனத்தின் நடுவில், எழுந்து, விளக்குவரிசைக்குப் போகிறாள். அடிப்பாவி! சிரிப்பு வசனத்துக்குத்தான் போகிறாள்! நான் இங்கே உயிரோடு கிடக்கும்போதே, மணிகூட அடிக்காமல், என் வசனத்தை என் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறாள், திருட்டு நாயே, திருட்டு நாயே.

‘ஐயா! நிறுத்துங்க! அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு! நிஜமா உடம்புக்கு முடியல, யாராவது வைத்தியரைக் கூப்பிடுங்க!’ என்றாள் டார்கஸ். ஒரு கணம் கொட்டகை யோசித்தது. அப்புறம் சிரித்தது. எப்படிச் சிரிக்காமல் இருப்பார்கள்? ராணி செத்தாயிற்று, ஒருத்தி எழுந்து விளக்குவரிசைக்கு வந்தாயிற்று, வந்தால் சிரிப்பு வசனம்தானே. இந்தத் தடவை தோழியைவிட்டுச் சொல்லவைத்திருக்கிறார்கள், புதுசாக இருக்கிறது என்று பெஞ்சைத் தட்டினார்கள். ‘வைத்தியனைக் கூப்பிடாதே கண்ணு, அவன் வந்து இன்னொரு தடவை சாகடிப்பான்!’ என்று கேலரியிலிருந்து ஒருவன் கத்தினான். சிரிப்பு சுவரில் மோதித் திரும்பியது. ‘சத்தியமாச் சொல்றேங்க, கை வெந்துபோயிருக்கு, அவங்களுக்குத் தெரியல!’ என்று பெண் அழுதாள். அழ அழச் சிரித்தார்கள். பென்ரோஸ் ஒரு கையை நெஞ்சில் வைத்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு, ‘இன்னும் என் வசனம் முடியலடி, கழுதை, உட்காரு!’ என்றான், அது முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது, அதற்கும் சிரித்தார்கள். ஹெஸ்டர் கம்பளத்தில் காதை வைத்துக்கொண்டு கிடந்தாள், அத்தனை சிரிப்பும் பலகை வழியாக அவள் மண்டைக்குள் இறங்கியது. இந்தக் கொட்டகையில் அந்த வசனத்துக்கு அவள் வாங்கிய சிரிப்பெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது. அவ்வளவு பயத்திலும் ஒரு பொறாமை, ஐயோ, கொள்ளிக்கட்டையை விழுங்கினமாதிரி ஒரு பொறாமை. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது: இந்தப் பெண் எனக்காக அழுகிறாள், வேஷத்தை வேண்டாம் என்று உதறிவிட்டு, நாளைக்கு வேலை போகும் என்று தெரிந்தே அழுகிறாள். அந்த நினைப்பைத் தாங்குவது பொறாமையைவிடக் கஷ்டமாக இருந்தது.

டார்கஸ் திரும்பி ஓடி வந்தாள். ஹெஸ்டரின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள், முன்துணியின் நுனியை எச்சிலால் நனைத்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று புரிந்தபோது ஹெஸ்டருக்கு உள்ளே ஒரு அலறல். வேண்டாம். அதை மட்டும் செய்யாதே, நான் செத்தே போகிறேன், என் முகத்தைத் துடைக்காதே. இருபது வயசிலிருந்து அந்த முகத்தின்மேல் வெள்ளை ஈயப் பூச்சு இருக்கிறது, அது அடியில் இருப்பதைத் தின்று தின்று என்ன மிச்சம் வைத்திருக்கிறது என்று அவளுக்கும் கண்ணாடிக்கும்தான் தெரியும். படுக்கும்போதுகூட விளக்கை அணைத்துவிட்டுத்தான் கழுவுவாள். டார்கஸ் துடைத்தாள், சேற்றில் விழுந்த குழந்தையின் முகத்தைத் துடைக்கிறமாதிரி, பரபரவென்று, கன்னம், மூக்கு, வாயோரம். வெள்ளை வழிந்து போயிற்று, சிவப்பு வழிந்து போயிற்று. பிறகு அந்த முகத்தைப் பிடித்து விளக்குவரிசைப் பக்கம் திருப்பினாள். ‘பாருங்க. வாயைப் பாருங்க’ என்றாள். இப்போது கத்தவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தொங்கியது, எச்சில் ஒழுகியது, தழும்பும் குழியுமாக ஒரு வயசான பெண்பிள்ளையின் முகம். முன்வரிசையில் சிரிப்பு நின்றது. அதற்குப் பின்வரிசை நின்றது. கேலரிக்கு விஷயம் போய்ச்சேரக் கொஞ்சம் நேரம் பிடித்தது, அங்கே கடைசியாக ஒருவன் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான், பிறகு அவனும் நிறுத்தினான். பென்ரோஸ் உயர்த்திய கையைக் கீழே இறக்கினான். ‘ஆண்டவரே’ என்றான், அது வசனமில்லை.

பெஞ்சுகளுக்கு நடுவிலிருந்து யாரோ ‘வழி விடுங்க, நான் வைத்தியன், வழி விடுங்கய்யா’ என்று கத்திக்கொண்டு வந்தான். ஜனங்கள் ஏறிவிடாதபடி மேடை ஓரத்தில் அடித்திருந்த கம்பி முள்ளில் அவன் கோட்டு மாட்டிக்கொண்டு கிழிந்தது கேட்டது. ஆனால் அத்தனை கண்ணும் அவள்மேல்தான் இருந்தன, இன்றைக்குத்தான் அவை நிஜமாகவே பார்த்தன, அது தாங்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. பார்க்காதீர்கள் என்று சொல்ல நாக்கு இல்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் பார்த்தாள், வேறொன்றுக்கும் இல்லை. கழுத்து ஒரு அங்குலம் திரும்பியது. மேலே கேலரியில் ஒரு பெண்பிள்ளை வீல் என்று அலறினாள், கல்லறையிலிருந்து யாரோ எழுந்து வருவதைக் கண்டதுபோல, அதைத் தொடர்ந்து இன்னொருத்தி, இன்னொருத்தி. பெஞ்சுகள் சரிந்தன, கதவுப்பக்கம் தள்ளுமுள்ளு. அவள் சாகும்போதெல்லாம் கைதட்டிய ஜனங்கள், அவள் உயிரோடு அசைந்ததற்கு ஓடினார்கள். டார்கஸ் நகர்ந்து உட்கார்ந்தாள். ஜனங்களுக்கும் அவளுக்கும் நடுவில், கொட்டகை முழுவதற்கும் முதுகைக் காட்டிக்கொண்டு. எந்த நடிகையும் எந்த வேஷத்திலும் செய்யக்கூடாதது அது. ஹெஸ்டரின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து மூடிக்கொண்டாள். ‘யாரும் பார்க்கலம்மா. நான் மறைச்சிருக்கேன். நீங்க அசையுங்க, எவ்வளவு முடியுதோ அவ்வளவு அசையுங்க’ என்றாள். அங்கே இருட்டாக இருந்தது, வியர்வையும் மலிவு பவுடரும் மணத்தது, பெண்ணின் வயிறு பயத்தில் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஹெஸ்டர் அழுதாள். ஒரு கண்ணில்தான் வந்தது.